ராணி காலத்து இரண்டு காகிதங்கள்

1

விக்டோரியா ராணி 1837இல் பட்டத்துக்கு வந்தார். 1901 ஜனவரி 22இல் இறந்துபோனார். அவர் பேரால் நடந்த ஆட்சியும் போய்விட்டது. ஆனால் அந்தக் காலத்தின் மீதான மோகம் போகவில்லை. முன்னைக் காட்டிலும் இப்போது கூடியிருக்கிறது. லண்டனில் இருப்பவனுக்கு அது அவனுடைய பாட்டன் காலம். பழைய வீட்டையும் பழைய நாற்காலியையும் லேஸ் வைத்த கவுனையும் அவன் கொண்டாடினால் அது அவன் பாடு. நம்ம ஊரில் இது ஏன் நடக்கிறது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஊட்டி, கொடைக்கானல், மூணாறு, குமுளி என்று எந்த மலைக்குப் போனாலும் 'வெள்ளைக்காரன் காலத்து பங்களா' என்று சொல்லி அறை வாடகைக்கு விடுகிறார்கள். மரத்தரை, கணப்பு அடுப்பு, கை நீண்ட சாய்வு நாற்காலி, சுவரில் ஆடும் பெண்டுலக் கடிகாரம். அசல் இல்லாத இடத்தில் அதே மாதிரிப் புதுசாகச் செய்து வைக்கிறார்கள். மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் ராணி செத்து ஒரு தலைமுறை கழித்து வந்தவை. அங்கேயும் பங்களா என்றால் ஆட்களின் கற்பனையில் ராணி காலத்து பங்களாதான். கல்யாணத்துக்கு முன்னாடி எடுக்கிற படங்களில் பெண் நீள கவுனும் மாப்பிள்ளை மேல்கோட்டும் போட்டுக்கொண்டு தேயிலைக்கு நடுவில் நிற்கிறார்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது. வாங்குவதற்கு வெளியூர்களில் இருந்து வருகிறார்கள்.

தேனிப் பக்கம் இந்த மோகம் பொருளோடு நிற்கவில்லை. ஒரு ஆளாகவே உருவெடுத்திருக்கிறது. கர்னல் ஜான் பென்னிகுவிக். கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடையில், வீட்டில், கல்யாணப் பத்திரிகையில் எல்லாம் அவர் படம். பிள்ளைக்கு அவர் பெயர். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். பாலார்பட்டியில் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்பில் 2013 ஜனவரி 15இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா மணிமண்டபம் திறந்தார். தேனி புதிய பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். 2022இல் தமிழ்நாட்டு அரசு இங்கிலாந்தில் கேம்பர்லியிலேயே அவருக்குச் சிலை வைத்தது.

இதை நான் மயிலாடும்பாறையில் இருந்து எழுதுகிறேன். இது கம்பம் பள்ளத்தாக்கு இல்லை. மலைக்கு இந்தப் பக்கம், வருசநாட்டுப் பள்ளத்தாக்கு. எங்க ஆறு மூல வைகை. மழை பேஞ்சா வரும், இல்லைன்னா மணல்தான். மேகமலைக்கு அந்தப் பக்கம் ஓடுவது பெரியாறு அணைத் தண்ணீர். அது எங்க ஊரைத் தொடாது. தேனிக்குப் பக்கத்தில் போய்த்தான் இரண்டு தண்ணியும் ஒன்றுசேரும். ஆகவே பென்னிகுவிக் விஷயத்தில் எங்களுக்கு வயிறு நிறைந்த நன்றியும் கிடையாது, வயிற்றெரிச்சலும் கிடையாது. கொஞ்சம் தள்ளி நின்று கேட்க முடிகிறது. ஒரு காலத்தை நேசிப்பது என்றால் அதில் எதை நேசிப்பது? எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது? விடுகிற உரிமை யாருக்கு இருக்கிறது?

2

முதலில் பங்களா.

எங்க அம்மாச்சி கல்யாணம் ஆன புதுசில் மலையில் ஒரு தோட்டத்து லைன் வீட்டில் கிடந்தது. சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். துரை வெள்ளைக்காரன் இல்லை, நம்ம நாட்டு ஆள்தான். ஆனா பேரு துரைதான். அம்மாச்சி பங்களாவுக்கு வேலைக்குப் போகும். முன்வாசல் எப்படி இருக்கும் என்று அதுக்குக் கடைசிவரை தெரியாது. "பொறத்தால ஒரு சின்னக் கதவு இருக்கும் சாமி. அது வழியாப் போயி வாளிய எடுத்துட்டு அது வழியாவே வந்துரணும். தொரைசானி கண்ணுல படக்கூடாது. பட்டா வைவா" என்று சொல்லும்.

அந்தச் சின்னக் கதவைப் பற்றிப் படித்துப் பார்த்தால், அது அந்த ஒரு பங்களாவில் மட்டும் இருந்த கதவு இல்லை. இந்தியாவில் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களில் படுக்கை அறையை ஒட்டி ஒரு குளியலறை இருக்கும். அந்தக் குளியலறைக்கு வெளிப்பக்கமாகத் தனிக் கதவு வைத்தார்கள். மரப்பெட்டிக் கமோடில் இருக்கிற மலத்தை எடுத்துப்போகிறவர் வீட்டுக்குள் நடக்காமல் வந்துபோவதற்கான வழி அது. வரைபடம் போடும்போதே போட்ட கதவு. இன்றைக்குப் பங்களாவின் கட்டடக்கலையைப் புகழ்ந்து பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் கூரையின் சரிவைச் சொல்கிறார்கள், தாழ்வாரத்தின் நிழலைச் சொல்கிறார்கள், வார்ப்பிரும்புத் தூணைச் சொல்கிறார்கள். அந்தக் கதவைச் சொல்வதில்லை. இப்போது அதைச் சுவர் வைத்து அடைத்திருப்பார்கள்.

இதே ராணி காலத்தில்தான் லண்டனில் 1858இல் தேம்ஸ் ஆறு நாறிப்போய் நாடாளுமன்றம் மூக்கைப் பிடித்தது. உடனே அடுத்த வருஷம் ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளரை வைத்து நகரம் முழுக்கப் பாதாளச் சாக்கடை கட்ட ஆரம்பித்தார்கள். அங்கே மலத்தைக் கொண்டுபோக செங்கல்லும் தண்ணீரும் தேவைப்பட்டது. இங்கே அந்தச் செலவு தேவைப்படவில்லை. சாதி அந்த வேலைக்குப் பிறப்பிலேயே ஆளை ஒதுக்கி வைத்திருந்தது. வெள்ளைக்காரன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. கையில் கிடைத்தது, எடுத்துக்கொண்டான். ஒரே அரசி, ஒரே காலம், இரண்டு வடிவமைப்பு. அங்கே போட்டது சாக்கடை, இங்கே போட்டது பின்கதவு. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்ய இந்த நாட்டில் 1993இல் ஒரு சட்டமும் அது பத்தாமல் 2013இல் இன்னொரு சட்டமும் போட வேண்டிவந்தது. அதற்கப்புறமும் சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்துக்கொண்டிருக்கிறவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பங்களாவை மட்டும் தனியாகப் படம் எடுக்கலாம். தனியாகக் கட்ட முடியாது. மேட்டில் பங்களா இருந்தால் பள்ளத்தில் லைன் இருக்கும். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வடிவமைப்பு. பங்களா ரிசார்ட் ஆகிவிட்டது. லைன் இன்னும் லைனாகவே இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லைன் வீடுகள் மீது விழுந்தது. எழுபது பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருந்து தலைமுறைகளுக்கு முன்னால் மலை ஏறிய தலித் குடும்பங்களின் வாரிசுகள். நூறு வருஷத்துக்கு மேல் அந்த மலையில் வேலை செய்தும் அவர்களுக்கென்று ஒரு செண்ட் இடம் சொந்தமாக இல்லை. வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் இறங்கிப் போ என்பதுதான் விதி. 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைப் பெண்கள் 'பெண்கள் ஒற்றுமை' என்று திரண்டு சாலையில் உட்கார்ந்தபோது கேட்டது கூலியும் போனசும். அதற்கு அடியில் இருந்தது இந்த லைன் வாழ்க்கை.

கம்பம், கூடலூர், போடிப் பக்கம் விடியக்காலம் நின்று பாருங்கள். ஜீப்பில் அடைத்துக்கொண்டு பெண்கள் ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறுவார்கள். அதே ரோட்டில் வாரக் கடைசியில் கார்கள் ஏறும். கார்களில் போகிறவர்கள் அந்தக் காலத்தைத் தேடிப்போகிறார்கள். ஜீப்பில் போகிறவர்களுக்கு அந்தக் காலம் இன்னும் முடியவே இல்லை. மோகம் கொள்ள வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் இருந்து வெளியே வந்திருக்க வேண்டும். எல்லோரும் வெளியே வந்துவிடவில்லை.

3

இனி பென்னிகுவிக்.

அவருடைய வேலையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கம் இல்லை. 1841இல் புனேயில் பிறந்த ராணுவப் பொறியாளர். மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிய பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, கிழக்கே வைகைச் சமவெளிக்குத் திருப்பிவிட்டது சாதாரண காரியம் இல்லை. 1887இல் வேலை தொடங்கியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கருங்கல்லும். வெள்ளம் வந்து கட்டியதை அடித்துக்கொண்டு போனது, திரும்பக் கட்டினார்கள். 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை அந்தத் தண்ணி போகிறது. திட்டத்தை உடனே எடுத்துக்கட்டும் அவசரத்தைக் கொடுத்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் சனம் செத்தது. அந்தப் பஞ்சத்துக்கு நடுவில்தான் 1877 ஜனவரி 1இல் டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று கணக்குப் போட்டவர்களும் அதே அதிகாரிகள்தான். பஞ்சத்தில் முதலில் செத்தது யார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நிலம் இல்லாதவன்தான்.

அணையைக் கட்டியவர்கள் யார்? சென்னைப் பயனியர் படையின் இரண்டு பட்டாளங்கள் வேலை செய்தன. அந்தக் காலத்துச் சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். கொச்சியில் இருந்து தச்சர்கள் வந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் 'கூலிகள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போனவர்கள். குளிர்காய்ச்சல் காட்டில் யானைக்கும் மழைக்கும் நடுவில் கல் சுமந்தவர்கள். நோயில் மட்டும் 483 பேர் இறந்து அணைக்கு வடக்கே புதைக்கப்பட்டதாக ஒரு கணக்கு இருக்கிறது. எண்ணிக்கை இருக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை, பொங்கல் இல்லை.

அவர்களுடைய இடத்தில் ஒரு கதை வந்து உட்கார்ந்திருக்கிறது. அரசாங்கம் பணம் தர மறுத்ததும் பென்னிகுவிக் இங்கிலாந்தில் தன் சொத்தை விற்று, மனைவி நகையை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்கிற கதை. மேடையில் பேசுகிறவர் எல்லாம் இதைச் சொல்வார்கள். இதற்கு ஆவணச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. அணை வேலையில் இருந்த மெக்கன்சி 1899இல் இந்தத் திட்டத்தின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அதில் தெரிவது அரசாங்கத் திட்டம், அரசாங்க மதிப்பீடு, அரசாங்கப் பணம். அரசாங்கப் பணம் என்றால் நிலவரி. நிலவரி என்றால் வயலில் குனிந்தவனின் முதுகு.

பொய்யான கதை என்பதோடு இதை விட்டுவிட முடியாது. இந்தக் கதை ஏன் தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும். சொத்தை விற்றால் அது தியாகம். உயிரைக் கொடுத்தால் அது கூலி வேலை. இதுதான் அந்தக் கதைக்குள் இருக்கும் மதிப்பீடு. சொத்து உள்ளவன்தான் தியாகம் செய்ய முடியும் என்று சாதிச் சமூகம் நினைக்கிறது. வெறும் உடம்பு மட்டும் உள்ளவன் கொடுத்தது கணக்கிலேயே வராது. அவன் கொடுப்பதற்கென்றே பிறந்தவன் என்று ஏற்கெனவே முடிவு கட்டியாகிவிட்டது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. பென்னிகுவிக் பெயரில் பேருந்து நிலையம் இருக்கிறது. எல்லாச் சாதியும் அதில் போய் நிற்கிறது. ரொம்ப நல்லது. 1997 மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. சுந்தரலிங்கமும் வரலாற்று வீரர்தான். கட்டபொம்மன் படையில் நின்று செத்தவர். ஆனால் தேவேந்திரர் குலத்தில் பிறந்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கசாதிகள் மறித்தன. கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. கடைசியில் அரசாங்கம் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் மாவட்டங்களில் இருந்தும் எடுத்துவிட்டது. ஒரு தலித்தின் பெயரைச் சுமப்பதைவிட யார் பெயரும் இல்லாமல் போவது மேல் என்றாகிவிட்டது.

மாட்டுக்கறி தின்ற, கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரனுக்குப் பொங்கல் வைக்க முடிகிற சனத்துக்கு, பக்கத்துத் தெருக்காரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் உட்கார முடியவில்லை. தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் அம்பேத்கர் சிலை கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறது. பென்னிகுவிக் சிலைக்குக் கூண்டு வேண்டியதில்லை. காரணம் என்ன? பென்னிகுவிக் செத்துப்போனவர். அந்நியர். அவர் பேரன் வந்து வயலில் பங்கு கேட்கப் போவதில்லை. குளத்தில் இறங்கப் போவதில்லை. பெண் கேட்கப் போவதில்லை. அவருக்கு நன்றி சொல்வதற்கு ஒரு மாலையும் ஒரு பானைப் பொங்கலும் போதும். கல் சுமந்தவனுக்கு நன்றி சொல்வதென்றால் செலவு அதிகம். அவன் பேரன் இங்கேயே இருக்கிறான். கேட்பான்.

தண்ணீர் வந்தால் எல்லாம் மாறும் என்றும் சொல்லிவிட முடியாது. பெரியாற்றுப் பாசனம் பாயும் மேலூர் வட்டாரத்தில்தான் மேலவளவு இருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் பஸ்ஸை மறித்து வெட்டப்பட்டார்கள். 1989இல் எரிந்த போடி இதே தேனிச் சீமையில்தான் இருக்கிறது. ஆற்றைத் திருப்பிவிட்ட பொறியியல் சாதியைத் திருப்பவில்லை. திருப்ப நினைக்கவும் இல்லை.

4

அப்படியானால் ராணி காலத்தை நாம் காறித் துப்ப வேண்டுமா? தேசியவாதிகள் அதைத்தான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் ஆட்சி எல்லாருக்கும் ஒரே மாதிரி அடிமைத்தனம் என்பது அவர்கள் கட்டமைத்த வரலாறு. நம் முன்னோர் அப்படிப் பார்க்கவில்லை.

1891இல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தினார். எந்தச் சொல்லால் அடித்தார்களோ அந்தச் சொல்லையே தலைப்பாக அச்சடித்தார். சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, நடத்தக் கூடாது என்று ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி லண்டனுக்கு மனு அனுப்பியது அந்தச் சபை. அதிகாரி நாற்காலி முழுக்கச் சாதி இந்துக்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள் என்கிற பயம். அந்தப் பயம் பொய்யாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. நீலகிரியில் அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபை மாநாடு கூட்டித் தீர்மானங்கள் போட்டார். 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளி திறந்ததற்குப் பின்னால் நம் ஆட்களின் கோரிக்கை இருந்தது.

இவர்கள் வெள்ளைக்காரனை நம்பி ஏமாந்தவர்கள் இல்லை. அவன் இரண்டு முகம் உள்ளவன் என்று தெரிந்தவர்கள். 1843இல் அடிமை முறையைச் சட்டப்படி செல்லாது என்று சொன்ன ஆட்சி, பண்ணையாள் முறையைக் கண்டுகொள்ளாமல் விட்டது. மகர்களைப் படையில் சேர்த்து அவர்கள் ரத்தத்தில் போர்களை வென்ற ஆட்சி, 1890களின் தொடக்கத்தில் 'வீரச் சாதி' என்று ஒரு பித்தலாட்டத்தைச் சொல்லி அவர்களுக்குப் படையின் கதவைச் சாத்தியது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி அந்தப் படையில் சுபேதாராக இருந்தவர். அவர் மகன் பள்ளிக்கூடத்தில் தனியாகக் கோணிச் சாக்கில் உட்கார்ந்து படித்தார். பிற்காலத்தில் அந்த மகன் போட்ட கோட்டும் டையும் வெள்ளைக்காரன் உடுப்புதான். அதைப் பார்த்து யாராவது வெள்ளைக்கார மோகம் என்பார்களா? எந்த உடம்பை இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று சாத்திரம் விதித்ததோ, அந்த உடம்பு தனக்குப் பிடித்ததை எடுத்து உடுத்திக்கொண்டது. ரவிக்கையும் அப்படித்தான். பஃப் கை வைத்த ரவிக்கை இன்றைக்குக் கல்யாண வீட்டு மோஸ்தர். ஆனால் பெரியாறு அணைக்கு நிலம் கொடுத்த அதே திருவிதாங்கூரில், மேல்சீலை போட்டதற்காக நாடார் பெண்கள் பல வருஷம் அடி வாங்கினார்கள். 1859இல்தான் ராஜா இறங்கிவந்து அனுமதித்தார். 1893இல், அணை பாதி எழும்பி நின்ற நேரத்தில், அய்யன்காளி அந்த ராஜ்யத்தில் வில்வண்டி ஓட்டிப் பொதுவழியில் போனார். அதற்கும் அடிதடி.

நம் முன்னோருக்கு அந்தக் காலத்தோடு இருந்தது மோகம் இல்லை. மனு. எது உதவுமோ அதைக் கேட்டு வாங்கினார்கள். பள்ளிக்கூடம், வழி, உடுப்பு, வேலை, நிலம். எது மிதிக்குமோ அதை எதிர்த்து எழுதினார்கள். மோகம் கொண்டவன் கேள்வி கேட்க மாட்டான். மனு எழுதுகிறவன் கேட்டுக்கொண்டே இருப்பான்.

5

இப்போது தலைப்பில் சொன்ன இரண்டு காகிதங்களுக்கு வருகிறேன்.

முதல் காகிதம் 1886 அக்டோபர் 29 தேதியிட்டது. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் சார்பில் சென்னை அரசுக்கும் நடந்த பெரியாறு குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷத்துக்கு. ராஜா போய்விட்டார், ராணி போய்விட்டார், இரண்டு அரசும் போய்விட்டன. காகிதம் உயிரோடு இருக்கிறது. அணையின் நீர்மட்டத்தை 1979இல் 136 அடியாக இறக்கியபோதும், 2011 டிசம்பரில் எல்லையில் கலவரம் வந்து இடுக்கியில் இருந்த தமிழ்க் கூலிக் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ஓடிவந்தபோதும், தமிழ்நாட்டுக் கட்சிகள் எல்லாம் அந்தக் காகிதத்தின் மேல்தான் நின்றன. உச்சநீதிமன்றம் 2006இலும் 2014 மே 7இலும் 142 அடி என்று சொன்னது. அந்த உரிமைக்கு நாமும் குரல் கொடுத்திருக்கிறோம். கொடுக்க வேண்டும். தண்ணி வந்தால்தான் நடவு, நடவு இருந்தால்தான் நம் பெண்களுக்கு நாள்கூலி.

இரண்டாவது காகிதம் ஆறு வருஷம் கழித்து வந்தது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தம் இல்லை, மிராசுதாரர் நினைத்தால் குடிசையில் இருந்து எறிந்துவிடலாம் என்பதை எல்லாம் அதிகாரி மொழியில் பதிவு செய்தார். அதன் விளைவு 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் கொடுக்க வேண்டும், பத்து வருஷத்துக்கு அதை விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்குத்தான் விற்க வேண்டும், வேறு ஆள் கைக்குப் போனால் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவருகிற கணக்கு.

ஒரே ராணி, ஒரே சென்னை அரசு, ஆறு வருஷ இடைவெளி. முதல் காகிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் டெல்லி வரை வக்கீல் போகிறார். இரண்டாவது காகிதம் வட்டாட்சியர் அலுவலகத்தில் கரையான் அரிக்கிறது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அவர்கள் கேட்டது புதுச் சட்டம் இல்லை. நூறு வருஷத்துக்கு முந்திய ராணி காலத்து ஆணையை மதியுங்கள் என்றுதான் கேட்டார்கள். ராணி காலத்துக் கடிகாரத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு ஓட வைக்கிறவர்கள், ராணி காலத்து அணைக்கு அடி அடியாக அளவு பார்க்கிறவர்கள், இந்த ஒரு பழம்பொருளை மட்டும் யாரும் எடுத்துத் துடைக்கவில்லை.

ஆனால் எங்களுக்கு எதிரான ராணி காலத்துக் காகிதம் என்றால் அது துருப்பிடிக்காமல் வேலை செய்கிறது. 1882 சென்னை வனச் சட்டம் இன்றைக்கும் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ளது. வருசநாட்டு மலைக்குள் தலைமுறையாகப் பாடுபடுகிற சனம் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளர்கள். 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்த பிறகு அந்தப் பயம் இன்னும் கூடியிருக்கிறது. 

அறம் என்று நாம் பேச வேண்டியது இதைத்தான். செய்ந்நன்றி அறிதல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வைத்தார். நம் சனங்களும் நன்றியைக் கடன் என்றுதான் சொல்லுவார்கள்: நன்றிக்கடன். கடன் என்றால் கணக்கு உண்டு. யார் கொடுத்தது, எவ்வளவு கொடுத்தது, யாருக்குத் திருப்ப வேண்டும் என்று கேட்க வேண்டும். மோகத்துக்குக் கணக்குக் கிடையாது. அதற்கு ஒரு படம் போதும், ஒரு நாற்காலி போதும், ஒரு சிலை போதும். பென்னிகுவிக் மீது இருப்பது நன்றியா மோகமா என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. நன்றி என்றால் அது அவரோடு நிற்காது. அவரைத் தாண்டி அந்தக் கல்லைத் தூக்கிய கையைத் தேடிப் போகும். அந்தக் கையின் வாரிசு இன்றைக்கு எங்கே இருக்கிறான், அணைத் தண்ணி பாயும் 14,707 ஏக்கரில் அவனுக்கு எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று கேட்கும். மோகம் என்றால் மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடும்.

பொங்கலை நிறுத்தச் சொல்லவில்லை. வைக்கட்டும். லோயர்கேம்ப் மண்டபத்தில் செத்த கூலிகளுக்கும் ஒரு கல் நடுங்கள். பெயர் தெரியாது என்றால் பெயர் தெரியாது என்றே எழுதுங்கள். அதுவும் ஒரு வரலாறு. 1886 காகிதத்துக்காகத் தெருவுக்கு வருகிற விவசாயச் சங்கங்கள் 1892 காகிதத்துக்காகவும் ஒரு தீர்மானம் போடட்டும். போடுவார்களா என்று பார்ப்போம். போட்டால் அன்றைக்கு நம் சேரியில் இருந்தும் ஒரு பானை அரிசி வரும்.

அதுவரை நமக்கு வேலை இருக்கிறது. இதைப் படிக்கிற மாணவர்களுக்குச் சொல்கிறேன். சொந்த ஊருக்குப் போகும்போது 1892 ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஏ-பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். எந்தச் சர்வே எண்ணில் நிபந்தனை நிலம் என்று இருக்கிறது, இப்போது அதில் யார் உழுகிறார், யார் கட்டடம் கட்டியிருக்கிறார் என்று குறித்து வையுங்கள். இரட்டைமலை சீனிவாசன் கையெழுத்து வாங்கிய மாதிரி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குங்கள். மனு எழுதுங்கள்.